மொட்டை மாடியில் தேன் சைடர்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார நாக்கு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துத் தேன் சேர்த்த, 4.5 சதவீத ஆல்கஹால் கொண்ட இனிப்பு மதுவைச் சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகள் குடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்பதே குடித்தவர்களின் வாக்குமூலம். அந்த 'ஒன்றும் ஆகவில்லை'யை அவர்கள் ஏன் இத்தனை வருத்தத்தோடு சொன்னார்கள் என்று ஆராய்கிறது இக்கட்டுரை. இந்த வட்டாரத்தில் மது என்பது தண்டனையின் ஒரு வகை, தேன் என்பது மருந்தின் ஒரு வகை, இரண்டுக்கும் நடுவே தேன் சைடருக்கு மனை ஒதுக்கப்படவில்லை என்பது இங்கே நிறுவப்படும். பொறுமையற்ற வாசகர்கள் நேராக ஏழாம் பகுதிக்குச் சென்று ஆயாவின் சாட்சியத்தைப் படித்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்களில் நடப்பதும் அதுவே.

1. ஆய்வின் தேவை

மேற்குப் புறநகரின் கைகளைப் பற்றி உலகம் அறியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத்துகளும், பாடியின் வாகன உதிரிபாகங்களும், 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து உருண்டு வெளிவந்த விஜயந்தா டாங்கியும் அந்தக் கைகளுக்குச் சாட்சி. இதே மக்களின் நாக்கைப் பற்றி அறிஞர்கள் காட்டும் மௌனமோ பெரிது. அந்த மௌனத்தைக் கலைப்பது எம் கடன்.

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் நின்று "சைடர் தெரியுமா?" என்று கேட்டால் இருவகை விடை கிடைக்கும். மாலையில் கேட்டால், "சைடு டிஷ்ஷா? இன்னா வோணும், சுண்டலா?" என்பார்கள். காலையில், நடைப்பயிற்சி முடித்துத் திரும்புவோரிடம் கேட்டால், "வெந்நீர்ல ஒரு ஸ்பூன் கலந்து வெறும் வயித்துல குடிக்கணும். தொப்பை கொறையும்" என்பார்கள். பின்னவர் சொல்வது ஆப்பிள் சைடர் வினிகர். 

இரண்டாம் விடையில் ஓர் அறிவியல் சோகம் உண்டு. ஆப்பிள் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. அந்த நிலையில் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அது சைடர். திறந்து போட்டால் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா வந்து ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும், அது வினிகர். ஆக, பேரன் தினமும் காலையில் வீட்டுக்கு வந்து போகிறான், தாத்தா யாரென்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தாத்தாவைத் தேடிப் புறப்பட்டதே இவ்வாய்வு.

2. முன்னோர் கருத்து

தேனிலிருந்து மது செய்வது நமக்குப் புதிதன்று. குறவர்கள் தேனால் ஆன கள்ளை நெடிய மூங்கிற் குழாயில் ஊற்றி முற்ற வைத்துச் சுற்றத்தோடு பருகிக் குரவை ஆடியதைத் திருமுருகாற்றுப்படை பதிவு செய்கிறது. இங்கே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. தேன் தானாகப் புளிக்காது. அதில் நீர் ஏறக்குறைய 18 சதவீதமே. அந்த அடர்த்தியில் ஈஸ்ட் பெருக முடியாது. தண்ணீர் கலந்தால்தான் நொதிக்கத் தொடங்கும். தேனில் தண்ணீர் கலப்பதை இன்று கலப்படம் என்கிறோம். குறவர்கள் அதைப் பக்குவம் என்று அறிந்திருந்தார்கள்.

இறக்குமதிச் சரக்கும் அன்றே உண்டு. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தரப் பருகி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியது புறநானூற்றில் இருக்கிறது. அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. வெளிநாட்டுப் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவருவதும், காலியானதைத் தூக்கி எறியாமல் வீட்டிலேயே விட்டுவைப்பதும் ஈராயிரம் ஆண்டு மரபு என்பது இதனால் பெறப்படும்.

இனிச் சுவைக் குறிப்பு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்னும் பேராசிரியை 1980-களில் ஒயினுக்கு மணச் சக்கரம் ஒன்றை வகுத்தார். பழம், பூ, மசாலா, மரம், மண் என்று வட்டமாக விரியும் அட்டவணை அது. நம் புலவர்களிடம் சக்கரம் இல்லை, சொல் இருந்தது. அதியமான் மகன் பொகுட்டெழினி அளித்த நாட்பட்ட தேறலை ஔவையார் சுவைத்துவிட்டு, தேள் கொட்டினாற்போல் கடுத்தது என்றார். சிறுபாணாற்றுப்படையின் நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் விருந்து மதுவைச் சினந்த பாம்புக்கு நிகராக்கினார். இரண்டும் பாராட்டு என்பதை வாசகர் மறக்கலாகாது. விருந்தாளி தன்னைத் தேள் கொட்டியதாகச் சொன்னால் விருந்தளித்தவர் மகிழ்ந்தார். டேவிஸ் சக்கரத்தை எத்தனை முறை சுற்றினாலும் தேளோ பாம்போ வாரா. இவ்வேறுபாடே நம் ஆய்வுக்கு அச்சாணி.

எதிர்த்தரப்பில் வள்ளுவர் நிற்கிறார். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம், பத்துக் குறள். தேன் கலந்தது, ஆப்பிளில் செய்தது, மருமகன் வாங்கி வந்தது என்று எதற்கும் அவர் விலக்கு அளிக்கவில்லை. கம்பரோ பாலகாண்டத்தில் உண்டாட்டுக்கென்றே ஒரு படலம் ஒதுக்கினார். இரண்டு பெரியவர்கள் முரண்படும் இடத்தில் சிறியவர்கள் மொட்டை மாடிக்குப் போவது வழக்கம்.

இடைக்கால வரலாறு சுருக்கமாக வருமாறு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் கடை திறந்தது; 1974-ல் மூடியது; 1981-ல் மீண்டும் திறந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இந்தத் திறப்பு மூடல்களுக்கு நடுவே 1987-ல் கள்ளுக்கடை மூடியது. பிராந்தி நீடித்தது, கள் திரும்பவில்லை. பனை நம் மாநில மரமாகவே நீடிக்கிறது. அதன் பாளையிலிருந்து இறங்கும் கள் மாநிலக் குற்றமாக நீடிக்கிறது.

இதன் விளைவைக் கணக்கிட வேண்டும். கள்ளின் ஆல்கஹால் ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம், அதாவது சைடரின் அதே படிக்கட்டு. கடையில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் 42.8 சதவீதம். இன்று நாற்பது வயதுக்குக் கீழுள்ள எவரும் தமிழ்நாட்டு எல்லைக்குள் சட்டப்படி கள்ளை நாக்கில் வைத்திருக்க வழியில்லை. கீழ்ப் படிக்கட்டை இடித்துவிட்டு மக்களை நேராக மாடிக்குத் தாவச் சொன்ன மாநிலத்தில் இருந்துகொண்டுதான் மென்மையான இனிப்பு மதுவைப் பற்றிப் பேசுகிறோம்.

3. ஆய்வுப் பொருள்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஸ்ட்ராங்போ ஹனி. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் நகரில் 1887-ல் பெர்சி புல்மர் தொடங்கிய சைடர்ப் பட்டறையின் வழித்தோன்றல். இப்போது ஹைனெக்கன் குடும்பத்து மருமகள். 'ஸ்ட்ராங்போ' என்ற பட்டப்பெயருக்குரியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின்மேல் படையெடுத்த நார்மன் பிரபு ரிச்சர்ட் டி கிளேர். அயர்லாந்தைப் பிடித்தவர் ஆவடியை என்ன செய்வார் என்பதே கேள்வி.

உள்நாட்டுச் சான்றும் உண்டு. புனேவில் மூன்ஷைன் மீடரி என்னும் நிறுவனம் தேனைப் புளிக்க வைத்து மீட் என்னும் மதுவைச் செய்கிறது. ஆப்பிள் சாறு சேர்ந்த வகையும் அதில் உண்டு. ஆயினும் இவ்வாய்வுக்குக் கோலாலம்பூரில் வாங்கிய ஸ்ட்ராங்போவே தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணம் முறையியல் சார்ந்தது: மருமகன் வேலை செய்வது கோலாலம்பூரில்.

சுங்க விதி ஒரு பயணிக்கு 2 லிட்டர் மதுவை அனுமதிக்கிறது. 330 மில்லி வீதம் ஆறு பாட்டில் 1.98 லிட்டர். எஞ்சிய 20 மில்லி உரிமையை அரசுக்கே விட்டுக்கொடுத்தோம் என்பதை நாட்டுப்பற்றின் கணக்கில் சேர்க்கவும்.

பாட்டில்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது ஓர் உபதொடர்பு வெளிப்பட்டது. பக்கத்துத் தட்டில் இட்லி மாவு இருந்தது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் முதலிய பாக்டீரியாக்கள் பெருகி, அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்கி, மாவைப் பொங்க வைக்கின்றன. சைடரில் ஈஸ்ட் செய்வதும் இதற்கு ஒன்றுவிட்ட வேலையே. நொதித்தல் இந்த வட்டாரத்துக்கு அன்னியம் என்பார் யாராயினும் அவர்தம் வீட்டு இட்லியைக் கூர்ந்து நோக்குக. ஆயினும் மாவுக்குக் கிடைத்த மரியாதை சைடருக்குக் கிடைக்கவில்லை. மாவு நடுத்தட்டில் மூடி திறந்து அமர்ந்திருந்தது. சைடரைச் செய்தித்தாளில் சுற்றி முருங்கைக்காய்க்கு அடியில் படுக்க வைக்க வேண்டியிருந்தது.

4. களமும் முறையும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலுள்ள திருமுல்லைவாயலில், ஒரு மொட்டை மாடியில், கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் ஆய்வுக்கூடம் அமைந்தது. சுவைஞர் நால்வர். அனைவரும் சட்டம் கேட்கும் 21 வயதைக் கடந்தவர்கள். சிலர் அதைப் பலமுறை கடந்தவர்கள்.

அம்பத்தூர்ப் பிரதிநிதி, தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். ஆவடிப் பிரதிநிதி, டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பெரியப்பா. பூந்தமல்லிப் பிரதிநிதி, பூ வியாபாரம் செய்யும் மாமா. பருத்திப்பட்டு வழியாகப் பேருந்தில் வந்து சேர்ந்தார். நாலாமவர் மருமகன். பாட்டிலை வாங்கியவர் என்பதால் அவர் கருத்து பக்கச்சார்புடையது என்று அவைக்குறிப்பில் முதலிலேயே பதிவாயிற்று.

கலம்: மேலை நாட்டு நூல்கள் விளிம்பு குறுகிய கண்ணாடிக் கோப்பையைப் பரிந்துரைக்கும். நாம் தேர்ந்தது எவர்சில்வர் டம்ளர். அதன் அறிவியல் மேன்மை, ஒளி ஊடுருவாமை. எதிர்வீட்டு மாடியில் மாலையில் வடகம் அள்ள வரும் மாமிக்கு உள்ளே இருப்பது காபியாகவே தெரியும். நிறத்தைப் பற்றிய குறிப்பு இவ்வாய்வில் இடம்பெறாமைக்கும் அதுவே காரணம்.

பங்கீடு: முதல் பாட்டிலை நால்வருக்கும் பிரிப்பதில் கொள்கைச் சிக்கல் எழுந்தது. பெரியப்பா எழுந்து நின்று, 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேற்றியதை நினைவூட்டி, "நம்ம ஊர்ல போட்ட தீர்மானம்பா, நம்ம ஊர்லயே மீறலாமா?" என்றார். தலைக்கு 82.5 மில்லி என்று முடிவாயிற்று. அண்ணன் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிபரை எடுத்தார். அதன் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர். டம்ளருக்குள் திரவ மட்டத்தை அளக்க முனைந்தபோது நுரை குறுக்கிட்டது. நுரை அடங்கும்வரை அளக்க முடியாது. அடங்கும்வரை காத்திருந்தால் சித்திரை மாதத்து மாடியில் சைடர் சூடாகிவிடும். சூடானால் கரைந்திருக்கும் வாயு மேலும் வெளியேறி மீண்டும் நுரைக்கும். துல்லியமும் குளிர்ச்சியும் ஒருங்கே எய்த இயலாமை அம்பத்தூர்க் கொள்கை என இனி வழங்கப்படும்.

துணைப்பொருள்: வேர்க்கடலை, மிளகாய் பஜ்ஜி, எலுமிச்சை ஊறுகாய்.

5. கண்டவை

5.1 மூக்கு. பூந்தமல்லி மாமாவின் மூக்கு எளிதானதன்று. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அவர் அங்கே நந்தவனம் அமைத்துப் பூத்தொடுத்தார் என்பது மரபு. அம்மரபில் வந்த மாமா, கண்ணை மூடிக்கொண்டு மல்லியையும் முல்லையையும் ஜாதியையும் பிரித்துச் சொல்லக்கூடியவர். டம்ளரை முகர்ந்து நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னது: "ஆப்பிள் கீது. தேன் கீது. ஆஸ்பத்திரி கீது."

இம்மூன்றாம் மணத்தை எந்தச் சக்கரத்திலும் காண முடியாது. ஆனால் இதன் தோற்றுவாய் தெளிவு. மாமா வளர்ந்த காலத்தில் ஆப்பிள் என்பது தானாக வீட்டுக்கு வரும் பழமன்று. இமாசலத்திலும் காஷ்மீரிலும் விளைந்து, தொலைதூரம் பயணித்து, விலை ஏறி வந்த பழம். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஹார்லிக்ஸோடு சேர்த்து அரை கிலோ வாங்கப்படும். ஆரோக்கியமானவர் ஆப்பிள் தின்றால் "உடம்புக்கு என்ன?" என்று கேட்ட தலைமுறை அது. மூக்கு பழத்தை நினைக்கும்போதே வார்டையும் சேர்த்து நினைக்கிறது.

5.2 நாக்கு. அண்ணனிடம் தேன் தெரிகிறதா என்று கேட்டதற்கு, "இல்லபா. தேன்முட்டாய் மாரி இல்லியே" என்றார். இங்கே ஆய்வாளர் நிற்க வேண்டியதாயிற்று. பெட்டிக்கடைத் தேன்மிட்டாய் என்பது அரிசி உளுந்து மாவைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. பொதுவாக அதில் தேன் கிடையாது. தேனே இல்லாத பண்டத்தைத் தேனின் அளவுகோலாகக் கொண்டு, தேன் உள்ள பண்டத்தில் தேன் இல்லை என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. பல ஆண்டுப் பழக்கம் உடைய தீர்ப்பு என்பதால் மேல்முறையீடு செய்யவில்லை.

சைடரின் பக்கம் நின்று சொல்வதானால், சுவையில் குறை இல்லை. முதலில் இனிப்பு, அடுத்து ஆப்பிளுக்கே உரிய மாலிக் அமிலத்தின் லேசான புளிப்பு, கடைசியில் தேனின் மணம் சற்றே தங்குகிறது. வாயு நாக்கில் சுருக்கென்று தைத்து மறைகிறது. வெயில் தணிந்த மாலைக்குப் பொருந்தும் பானம்.

5.3 தொண்டை. குடித்தவுடன் கண்ணை இறுக மூடி, தோளைக் குலுக்கி, முகத்தை எட்டாகச் சுருக்கி, "ஹா" என்று காற்றை விட்டு, விரலால் ஊறுகாயைத் தொட்டு நக்குவது இவ்வட்டாரத்தின் நிறுவப்பட்ட சடங்கு. அண்ணன் முதல் வாயில் அனிச்சையாக அதைத் தொடங்கினார். கண் மூடிற்று; தோள் குலுங்கிற்று; முகம் பாதி சுருங்கியபோது எரிச்சல் வரவில்லை என்பது தெரிந்தது. பாதிச் சுருக்கத்தோடு முகம் நின்றுபோயிற்று. மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஊறுகாய்க்கு அன்று வேலையே இல்லை.

5.4 தலை. "ஏறலையே மச்சான்" என்பது ஒருமித்த முடிவு. கணிதம் இதை ஆதரிக்கிறது. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் தூய ஆல்கஹால் ஏறக்குறைய 77 மில்லி. ஒரு பாட்டில் தேன் சைடரில் ஏறக்குறைய 15 மில்லி. ஆக ஒரு குவார்ட்டருக்கு ஈடாக ஐந்து பாட்டிலுக்கு மேல் வேண்டும். கொண்டுவந்த ஆறையும் ஒருவரே குடித்தால் குவார்ட்டரைத் தாண்டலாம். அதற்குள் பஜ்ஜியும் நட்பும் தீர்ந்துவிடும். ஆனால் ஏறவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகாது. இனிப்பு ஆல்கஹாலை மறைக்கும். மறைந்திருப்பதால் கை அடுத்த டம்ளருக்கு நீளும். வண்டிச் சாவி கீழ்வீட்டில் ஒப்படைக்கப்பட்ட பின்னரே மூடி திறக்கப்பட்டது.

6. மறுப்பும் விடையும்

இவ்வட்டாரத்தார் இனிப்பை விரும்புவோர். டீக்கடையில் கூடுதல் சர்க்கரை கேட்போர். ஆதலின் இனிப்பு மதுவையும் விரும்புவர் எனின், அற்றன்று. இனிப்பு நம்மிடையே பகிரப்படும் பொருள். பையன் பாஸானால் தெருவுக்கே லட்டு போகும். வரவேற்பில் வாசலிலேயே கற்கண்டு நீட்டப்படும். மதுவோ ஒளிக்கப்படும் பொருள். பகிரவேண்டிய சுவையை ஒளித்துவைத்துக் குடிக்கும்போது நாக்குக்கும் மனச்சாட்சிக்கும் வழக்கு வருகிறது.

ரம்மில் கோலா கலந்து இனிப்பாக்கிக் குடிப்பார் உளரே எனின், அது எரிச்சல் உண்டென்று ஒப்புக்கொண்டு செய்யும் சமரசம். சைடரில் ஒப்புக்கொள்ள எரிச்சலே இல்லை. பீர் எரிவதில்லையே எனின், அது கசக்கும், கசப்பு போதும்.

இவற்றால் நாம் வந்தடையும் கோட்பாடு இது. இங்கே குடிப்பவர் தவறு செய்கிறோம் என்ற உணர்வோடே குடிக்கிறார். வீடும் தெருவும் திருக்குறளும் அந்த உணர்வை ஊட்டியிருக்கின்றன. தொண்டை எரிச்சல், கசப்பு, மறுநாள் தலைவலி ஆகியவை அத்தவறுக்கு அவ்வப்போதே பிடித்தம் செய்யப்படும் டி.டி.எஸ். பிடித்தம் போனபின் மனம் கணக்கை முடித்துக்கொள்ளும். தேன் சைடரில் பிடித்தமே நடப்பதில்லை. முழுப் பாக்கியும் வீட்டு வாசலில் ஒரே தவணையில் வந்து நிற்கிறது. அண்ணன் இதை ஆய்வாளரைவிடத் தெளிவாகச் சொன்னார்: "குட்ச்ச மாரியே இல்ல. ஆனா குட்ச்சிட்டு வந்துட்டான்னு வூட்ல சொல்வாங்க. இன்னாத்துக்கு இது?"

ஔவையின் தேளும் நத்தத்தனாரின் பாம்பும் இங்கே புதுப்பொருள் பெறுகின்றன. மது கடித்தால்தான் மது என்பது அன்றைய சான்றோர் கருத்து; இன்றைய கடையும் அதையே உறுதி செய்து வைத்திருக்கிறது. ஆனால் அன்று தேள் தேறலுக்குப் பக்கத்திலேயே மூங்கில் குழாயின் தேன்கள்ளும் இருந்தது. குடிப்பவர்க்குத் தேர்வு இருந்தது. இன்று தேள் மட்டும் இருக்கிறது.

7. ஆயாவின் சாட்சியம்

ஆய்வு இந்நிலையில் இருக்கையில், காய்ந்த துணி எடுக்க வீட்டுப் பாட்டியாகிய ஆயா மாடிக்கு வந்தார். நான்கு டம்ளர்களும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னே சென்றன. ஆயா மூக்கைச் சுருக்கி முகர்ந்து, "யாருக்குடா உடம்பு சரியில்ல?" என்றார்.

மாமாவின் ஆஸ்பத்திரி மணம் இவ்வாறு எதிர்பாராத் திசையிலிருந்து உறுதியாயிற்று. ஒளிப்பதில் பயனில்லை என்று மருமகன் தன் டம்ளரை நீட்டினார். ஆயா வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். தொட்டவர்களை வாசலில் நிற்க வைத்தவர். ஒரு மிடறு குடித்தார். சப்புக் கொட்டினார். தீர்ப்பு உடனே வந்தது: "அரிஷ்டம். நெறைய தண்ணி ஊத்திட்டாங்க."

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இந்த இரண்டு வாக்கியங்களே. பிள்ளை பெற்ற உடம்பு தேற, தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் தசமூலாரிஷ்டம் எப்படி ஆகிறது? பத்து வேர்களின் கஷாயத்தில் திராட்சை, வெல்லம், தேன் சேர்த்து, தாதகிப் பூவை இட்டு, கலத்தின் வாயை மூடி, வாரக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். வெல்லமும் தேனும் நொதித்து உள்ளேயே ஆல்கஹால் உண்டாகிறது. அரிஷ்டங்களில் அது பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை; பாட்டிலின் மேலேயே 'தானே விளைந்த ஆல்கஹால்' என்று அச்சிட்டிருப்பார்கள். திராட்சாரிஷ்டத்தின் வழியும் இதுவே. பழம், இனிப்பு, நொதி, மூடிய கலம்: ஹெரிஃபோர்டில் புல்மர் கையாண்ட நான்கும் இங்கே நாட்டு மருந்துக் கடை அலமாரியில் இருக்கின்றன.

அளவையும் ஒப்பிடுவோம். 8 சதவீத அரிஷ்டம் ஒரு வேளைக்கு 30 மில்லி எடுத்தால் உள்ளே போகும் ஆல்கஹால் 2.4 மில்லி. முதல் பாட்டிலின் சோஷலிசப் பங்கீட்டில் ஒவ்வொரு சுவைஞரும் பெற்றது 3.7 மில்லி. மாடியில் ஒளிந்து நால்வர் செய்த குற்றமும், கீழ்வீட்டில் மாமியார் கையால் நாளுக்கு இரு வேளை மருமகள் பெற்ற பராமரிப்பும் அளவில் ஏறத்தாழ ஒன்று. ஒன்றைக் குடித்தவர் முதுகுக்குப் பின்னே டம்ளரை மறைத்தார். மற்றதைக் குடித்தவர் சமபங்கு வெந்நீர் கலந்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து குடித்தார்.

ஆகவே, இந்த வட்டாரத்தில் இனிப்பான, தேன் கலந்த, பழத்தில் விளைந்த மென்மதுவைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி ஆண்களுக்கு இல்லை. குவார்ட்டரில் பயின்ற நாக்கு இதில் எழுத்தறிவில்லாதது. மூன்று பிள்ளை பெற்று மூன்று முறையும் அரிஷ்டக் குப்பியைக் காலி செய்த ஆயாவே துறை வல்லுநர். அவர் தரம் பார்த்துத் தண்ணீர் அதிகம் என்று கண்டதை, சதவீதக் கணக்கும் ஒப்புகிறது.

8. முடிவும் பரிந்துரைகளும்

முதலாவது, தேன் சைடரை இவ்வட்டாரத்தில் பிரபலப்படுத்த விழைவோர் விளம்பரத்தில் கடற்கரையையும் இளைஞர்களையும் காட்டுவதை விடுத்து, ஒரு மாமியாரையும் வெந்நீர்ச் செம்பையும் காட்டுக.

இரண்டாவது, இனிவரும் சுவைக் குழுக்களில் அறுபது வயது கடந்த பெண் ஒருவரேனும் தலைமை ஏற்க வேண்டும். துணி எடுக்க வருவார் என்று தற்செயலை நம்பி அறிவியல் நடத்தலாகாது.

மூன்றாவது, வெர்னியர் காலிபரைத் திரவத்தில் நனைத்தால் உடனே துடைத்து எண்ணெய் இடுக. இது அண்ணனின் தனிக் கோரிக்கை.

நான்காவது பரிந்துரை அரசுக்கு. மென்மையான மதுவைக் கண்டு 'ஏறவில்லையே' என்று வருந்தும் நாக்கு இயற்கையில் விளைந்ததன்று. கள்ளைச் சட்டத்தால் இறக்கிவிட்டு 42.8 சதவீதத்தைச் சட்டத்தால் ஏற்றி வைத்த கடைப் பட்டியல், ஒரு தலைமுறைக் காலத்தில் அதைப் பயிற்றுவித்தது. குடியே வேண்டாம் என்பார் வள்ளுவரோடு நிற்கலாம். அது ஒரு நேர்மையான நிலை. குடி இருக்கும், ஆனால் எரிவதும் கசப்பதும் மட்டுமே இருக்கும் என்பதற்கு வள்ளுவரும் துணை வரமாட்டார், ஔவையும் வரமாட்டார். நாக்கைத் திருத்தத் தலைமுறைகள் ஆகும். பட்டியலைத் திருத்த ஓர் அரசாணை போதும்.

தீர்ப்பு: தேன் சைடர் நல்ல பானம், மோசமான சரக்கு. வாங்கி வரும் மருமகன்கள் ஆயாவுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைக்கவும்.